ஒரு சிட்டிகை போதும் என்றேன்

உரக்கடைக்கு வருகிறவர் வாங்குவது அரைக்கிலோ உரம், சொல்வது அரைமணி நேரக் கதை. ஆஸ்டின் டவுனில் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். மாடியில் நாலு தொட்டி வைத்துவிட்டு, காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் இலையைப் புரட்டிப் பார்த்துக் கவலைப்படுகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

முதல் தொட்டி

ஈஜிபுராவில் தனியாக அறை எடுத்திருந்த ஐ.டி. பையன் ஒருத்தன். ஜன்னலோரம் கொத்தமல்லி விதைத்திருந்தான். யூரியா கேட்டான். “சின்னச் செடி, லிட்டர் தண்ணிக்கு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்” என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்தான். மண்மேல் சர்க்கரை கொட்டியதுபோல் வெள்ளை. செடியெல்லாம் கருகிப் படுத்திருந்தது. ஏன்டா இப்படி என்றேன். தலையைச் சொறிந்தான். “நான்தான் மெஸ் சாப்பாட்டுல அரைவயிறா இருக்கேன், செடியாவது நல்லா சாப்பிடட்டுமேன்னு போட்டேன்க்கா.”

ரெண்டு ரகசியம்

எங்கள் தெருவிலேயே ஒரு மாமியார், மருமகள். வீட்டில் ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி. மாமியார் மண்புழு உரம் வாங்கும்போது, “மருமககிட்ட சொல்லிடாதே, அவளுக்குக் கடை உரம்தான் பிடிக்கும்” என்பார். மருமகள் தண்ணீரில் கரைக்கிற உரம் வாங்கிக்கொண்டு, “அத்தைக்குத் தெரிய வேணாம்க்கா, கெமிக்கல்னா பயப்படுவாங்க” என்பாள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டி வைத்தேன். வியாபாரம் அப்படி.

ஒரு சனிக்கிழமை இருவரும் தனித்தனியாக, நுனி கருகிய இலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் கடைக்குள் வந்துவிட்டார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. ஒருவர் கையிலிருந்த இலையை மற்றவர் பார்த்தார்; இருவருக்கும் புரிந்துவிட்டது. முதலில் சிரித்தது மாமியார்தான். “சரி, ஒரு மாசம் நீ போடு, மறுமாசம் நான் போடறேன். நடுவுல அது கொஞ்சம் மூச்சு விட்டுக்கட்டும்.”

என் தப்பு

சிவாஜிநகர் ஷாஹீன் அம்மாவின் மகன் வளைகுடாவிலிருந்து மூன்று வருஷம் கழித்து வருகிறான். மாடியில் வளர்த்த புதினாவைப் போட்டுத்தான் அவனுக்குப் பிரியாணி செய்ய வேண்டும். இன்னும் ஒரு மாசம் இருக்கிறது, இலை தழைக்க என்ன போடலாம் என்று கேட்டார். கடையில் கூட்டம். அவசரத்தில், யூரியாவை லிட்டருக்கு அரை ஸ்பூன் கரைத்து ஊற்றச் சொல்வதற்குப் பதில், இரண்டு ஸ்பூன் என்று சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் கடைக்கு வந்து போனில் படம் காட்டினார். புதினாத் தொட்டி முழுக்கக் கருகல். “என் கைதான் ஜாஸ்தி ஆயிருக்கும்” என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. “இல்லம்மா, நான்தான் தப்பா சொன்னேன்” என்றேன். அன்று சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். தண்டுகளையெல்லாம் மண்ணோடு ஒட்ட வெட்டி, உப்பு இறங்கும்வரை தண்ணீர் விட்டு, மேலே கொஞ்சம் மட்கிய தொழு உரம் தூவினோம். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்தேன். இரண்டாம் வாரம் துளிர். மகன் வருவதற்குள் நாலு விரல் உயரம்.

அவன் வந்த மறுநாள் டப்பாவில் பிரியாணியோடு கடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார். “மூணு வருஷம் கழிச்சு வந்தவன் முதல் வாய் சாப்பிட்டுட்டு என்ன சொல்றான் தெரியுமா? ‘அம்மி, புதினா ஜாஸ்தி ஆயிடுச்சு’ங்கறான்!”

என் கடைக்கு வரும் நோயாளிச் செடிகளில் முக்கால்வாசி அன்பு தாங்காமல் படுத்தவைதான். அதற்கு மட்டும் மருந்து என்னிடம் ஸ்டாக் இல்லை.