மீசை வைத்த கதாநாயகி

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாளாக நான் இருந்திருக்கிறேன். ஒன்பது வயதுதானே என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் மற்ற ஒன்பது வயதுக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. அதனால் வயதை இழுக்காமல் முட்டாள்தனத்தையே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், தாராவியில், சினிமா போஸ்டர் விஷயத்தில் நான் ஒரு நிபுணன். எந்தச் சுவரில் எந்தப் படம், எதைக் கிழித்து எதை ஒட்டினார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. தமிழ் எழுத்துதான் வராது. படிப்பது மாட்டுங்காவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், தெருவில் பேச்செல்லாம் இந்தி. ஆகவே எந்தப் படத்துக்கும் என்னிடம் பெயர் கிடையாது. ரயில் படம், துப்பாக்கிப் படம், கோயில் மணிப் படம், அவ்வளவுதான். நிபுணத்துவத்தோடு ஒரு கலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. டிராயர் பையில் எப்போதும் அடுப்புக்கரி வைத்திருப்பேன். எங்கள் கூட்டத்தின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டப்பட்ட எந்தக் கதாநாயகியும் மீசை முளைக்காமல் தப்பியதில்லை.

அந்த வருடம் ஊரெல்லாம் குடைப் படம்தான் பேச்சு. போஸ்டரில் மழை கொட்டும். கதாநாயகன் தான் நனைந்துகொண்டு கதாநாயகியின் தலைக்குமேல் குடை பிடித்திருப்பான். அவள் கண்ணை மூடி அழுதுகொண்டிருப்பாள். படம் பார்ப்பதற்கு முன்பு அம்மா அந்தப் போஸ்டரைப் பார்த்தே ஒருமுறை அழுதிருக்கிறாள்.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். டைப் அடிக்கக் கற்று, தினமும் ரயிலேறி ஃபோர்ட் பக்கம் ஓர் ஆபீசுக்குப் போய்வந்தாள். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பியதில்லை. சால் என்னும் எங்கள் வரிசைவீட்டுக் குடியிருப்பிலோ எல்லா வீடுகளுக்கும் ஒரே தாழ்வாரம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் முன்பே வாசலில் கூட்டம் கூடிவிடும். இடம் தட்டிப்போன சேதியோ எங்களுக்குத் தெரியும் முன்பே குழாயடியில் பேச்சாகிவிடும்.

அதனால் கல்யாண் என்ற ஊரிலிருந்து ஒரு ரயில்வே உத்தியோகஸ்தர் வந்து அமைந்தபோது அப்பா தந்திரம் செய்தார். மாப்பிள்ளைக்குத் தலையில் முடி குறைவு, உத்தியோகத்தில் பென்ஷன் உண்டு. இரண்டையும் கூட்டிக் கழித்து, இதையும் விட்டால் தங்கைக்கு வேறு இடம் வராது என்று அப்பா முடிவுகட்டியிருந்தார். அத்தை ஒருமுறை “சரி” என்றாள். எந்தக் குரலில் சொன்னாள் என்று வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

தந்திரம் இதுதான். மாட்டுங்கா தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி குடைப் படம். அந்தப் போஸ்டருக்குக் கீழே அத்தை நிற்பாள். மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் வருவார்கள். பிடித்தால் சேர்ந்து படம் பார்ப்பது, பிடிக்காவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாகக் கலைந்துவிடுவது. சாலுக்கு ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளையின் போட்டோ அனுப்பும் வழக்கமெல்லாம் இல்லை, போஸ்டர்தான் அடையாளம்.

மளிகைக் கடை வைத்திருந்த அப்பா, கூடப் போக வேட்டியைத் தேய்த்து வைத்தார். அத்தை தடுத்துவிட்டாள்.

“நீங்க வந்தா கடைய யாருண்ணே பாப்பா? இவன் போதும். போஸ்டரு விஷயத்துல இவனுக்குத் தெரியாததா?”

என் நெஞ்சு எவ்வளவு விம்மியது என்றால், சட்டையின் மேல் பித்தானைப் போட முடியவில்லை.

மாட்டுங்காவுக்கு முன்பே, சயானில் ஒரு தியேட்டரை பஸ் நெருங்கும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். அதே மழை, அதே குடை, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் அதே கதாநாயகன், எழுத்துகூட அதே மஞ்சள்.

“அத்தே, இங்கதான்! எறங்கு, எறங்கு!”

“மாட்டுங்கான்னுல்லா உங்கப்பா சொன்னாவ?” என்று அத்தை கேட்டாள்.

“நான் சொல்லுதேன்லா!”

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. மாட்டுங்கா வரை டிக்கெட் கொடுத்திருந்த கண்டக்டர்தான், “அரே, மாட்டுங்கா ஆகே ஹை!” என்று, மாட்டுங்கா இன்னும் தள்ளி இருப்பதை இந்தியில் கத்தினார். அத்தை அதற்குள் இறங்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கிட்டே போனதும் போஸ்டரில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. கதாநாயகிக்குக் கொழுத்த மீசை. நான் அதைத் தொழில்காரனின் கண்ணோடு பார்த்தேன். கரி இல்லை, பெயிண்ட்! அதுவும் இரண்டு ஆள் உயரத்தில்! எந்தப் பேட்டைப் பையனோ ஏணி கொண்டுவந்து வரைந்திருக்கிறான் என்று நினைத்தபோது பொறாமையில் வயிறு எரிந்தது.

விஷயம் வேறு. குடைப் படத்தைக் கேலி செய்தே ஒரு சிரிப்புப் படம் எடுத்திருந்தார்கள். போஸ்டரையும் கோடு பிசகாமல் அப்படியே வரைந்து, கதாநாயகியின் இடத்தில் சேலை கட்டிய நகைச்சுவை நடிகரை நிறுத்தியிருந்தார்கள். கூட்டம் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பாம்பாயிலேயே அதைப் பார்த்துச் சிரிக்காமல் கலையை மெச்சிய ஒரே ஜீவன் நான்தான்.

போஸ்டருக்குக் கீழே கண்ணாடி போட்ட ஒருவர் நின்றிருந்தார். தலையில் முடி தாராளமாகவே இருந்தது. அப்பாவுக்குத் தப்பான தகவல் என்று நினைத்துக்கொண்டேன்.

“நீங்கதான மாப்பிள்ள?” என்றேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை செருப்பைப் பார்த்தாள்.

“ஆமா” என்றார்.

“உங்க அக்கா எங்க?”

“அக்காவா?” கொஞ்சம் யோசித்தார். “அக்காவுக்கு ஜலதோஷம்.”

சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்தார். சரியாக எங்கள் மூவருக்கும் இருந்தது. எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று தோன்றியது. அவரை இன்று நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறேன் என்பதை இங்கே சொன்னால் கதை கெட்டுவிடும்.

படம் எனக்குப் பெரிய குழப்பம். கதாநாயகி கடைசியில் செத்துப்போவாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். இங்கேயோ அவள் சேலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வில்லனை உதைத்தாள். அம்மாவுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை என்று முடிவுசெய்தேன். அத்தைக்கும் படம் பார்க்கத் தெரியவில்லை. படம் தொடங்கும் முன் விளம்பரம் ஓடும்போதே சிரித்தாள். யாரும் சிரிக்காத இடங்களில் எல்லாம் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்ததால் நகர்ந்து உட்கார்ந்து, புது மாப்பிள்ளை வாங்கித் தந்த கடலையைத் தின்றேன்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையின் கண்ணாடி, கிராப்பு, தாராள மனசு எல்லாவற்றையும் வர்ணித்தேன். அம்மா பாயசம் வைத்தாள். அப்பா என்னைத் தூக்கி அரிசி மூட்டைமேல் உட்காரவைத்தார்.

மறுநாள் மாலை கல்யாணிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையும் அக்காவும் குடைப் போஸ்டருக்குக் கீழே வெயிலில் நின்று நின்று, பார்க்க ஆளில்லாமல் திரும்பிப் போனார்களாம். இப்படி அவமானப்படுத்துகிற இடத்தில் பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல்முறையாக ஒரு மாப்பிள்ளை வீடு ஒழுங்காகச் சொல்லி அனுப்பியிருந்தது.

அப்பா என் காதைப் பிடித்துச் சயான் வரை இழுத்துக்கொண்டு போய், போஸ்டருக்கு முன் நிறுத்தினார்.

“ஏல, மீச வச்ச பொம்பளய எங்கயாவது பாத்திருக்கியால நீ?”

“எல்லா போஸ்டர்லயும் வச்சிருக்கும்பா” என்றேன், உண்மையாக.

திரும்பி வந்ததும் அத்தையிடம் கேட்டார். “இவன்தான் கிறுக்கன். நீ படிச்சவதான? படத்துப் பேர வாசிச்சிருக்கப்படாதா?”

“சினிமால இவன விடவா எனக்குத் தெரியப்போவுது?”

“சரி, அந்த ஆளு யாரு?”

“மாப்பிள்ளன்னு இவன் சொன்னான். நான் தலைய நிமுந்தே பாக்கலையே அண்ணே.”

அடுப்படியில் அம்மாவின் கரண்டி சட்டென்று நின்றது. அப்பா கடைப் பலகையில் போய் உட்கார்ந்தார். வந்த ஆட்கள் எது கேட்டாலும் இல்லை என்றார். அவரை அப்படிப் பார்த்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அத்தையின் கல்யாணத்தை நான் ஒருவனாகக் கெடுத்துவிட்டேன். இனி யாரும் வரமாட்டார்கள். அவள் டைப் அடித்தே கிழவியாகிவிடுவாள். அன்றிரவே டிராயர் பையிலிருந்த கரியை எடுத்துச் சாக்கடையில் போட்டேன்.

விடிந்ததும் குழாயடியில் வரிசை. அத்தை முன்னால், நான் பின்னால். அவள் என்னவோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். துக்கத்தை மறைக்கிறாள் பாவம் என்று நினைத்தேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தவள், ஈரக்கையால் என் சிவந்த காதைத் தடவிவிட்டாள். எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

“நீ கவலப்படாத அத்தே. நான் ரயிலேறி கல்யாணுக்குப் போறேன். அவரு கால்ல விழுந்தாவது இங்க கூட்டிட்டு வந்துருதேன்” என்றேன்.

குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது.

“அவரு அங்கேயே சொகமா இருக்கட்டும், நீ வாளியப் பிடி” என்றாள் அத்தை.