ஷப்ராஸ் பாதியில் நிறுத்திய கதை

கட்டுகஸ்தோட்டையில் ஷப்ராஸின் த்ரீவீலரில் ஏறினால், அவர் ஊரான மடவளை வந்து சேர்வதற்குள் ஓர் உலகக் கிண்ணக் கால்பந்துக் கதையையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். காதைப் பொத்திக்கொண்டாலும் மனிதர் விடமாட்டார். அவருடைய மனைவி மஸீனாவுக்கு ஆர்ஜென்டினா எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது. ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் எப்போது யாரிடம் தோற்றார்கள் என்பது தலைகீழ்ப் பாடம்.

ஊர்க் கழகம் நடத்தும் கால்பந்துப் போட்டிகளுக்கு ஷப்ராஸ்தான் அறிவிப்பாளர். மைக் கையில் கிடைத்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. போன வருஷம் அதுவே வினையானது. லண்டனில் களவு போன உலகக் கிண்ணத்தை ஒரு நாய் கண்டுபிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் நாய் வேலியோரம் போன நேரம் பார்த்து மடவளைப் பையன்கள் கோல் அடித்துவிட்டார்கள். மைதானமே எழுந்து நின்று கத்தியது. ஒலிபெருக்கியில் மட்டும் நாய் இன்னும் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

கழகத் தலைவர் நவ்பர் ஹாஜியார் இந்த வருஷம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கோல் எத்தின, யாரு அடிச்ச, அவ்வளவுதான். கதை ஒண்டு வந்தா மைக் வேற ஆளுக்குத்தான், ஷப்ராஸ்."

ஷப்ராஸ் தலையாட்டினார். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. த்ரீவீலரில் வருகிறவர்கள் வேறு வழியில்லாமல் கேட்கிறார்கள். மைதானத்தில்தான் நாலு பேராவது ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். அதுவும் போய்விட்டால் என்ன செய்வதென்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

இறுதிப் போட்டி மடவளைக்கும் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பையன்களுக்கும். பந்து உருள முன்பே சண்டை மூண்டது, அதுவும் பந்தைப் பற்றியே. தெல்தோட்டைக்காரர்கள் விளையாடிப் பழகியது மலைச்சரிவில். லேசான பந்தென்றால் ஒரே உதையில் தேயிலைக்குள் புகுந்து ஓடையில் போய் விழும். அதனால் ஒட்டுப்போட்டுத் தைத்த, காற்றுக் குறைந்த, கனத்த பந்தொன்றைக் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். மடவளையின் பந்தோ புத்தம் புதுசு, தொட்டாலே பறக்கும்.

"எங்க பந்துல ஆடுனா ஆடுறோம். இல்லாட்டி லொறியில ஏறிப் போறோம்" என்றான் தெல்தோட்டை அணித் தலைவன் நிரோஷன்.

"எங்கட கிரவுண்டு, எங்கட பந்து" என்றான் மடவளைத் தலைவன்.

நடுவர் விசில் ஊதிக் களைத்தார். ஹாஜியார் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். தெல்தோட்டைப் பையன்கள் ஏறிவிட்டார்கள். லொறி உறுமத் தொடங்கியது.

ஷப்ராஸுக்கு நாக்கு அரித்தது. சொன்னால் மைக் போய்விடும், சொல்லாவிட்டால் போட்டியே போய்விடும். மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பிஸ்மி சொன்னார்.

"லொறிய நிப்பாட்டுங்க! முப்பதாம் ஆண்டு, முதலாவது உலகக் கிண்ணம். பைனல்ல உருகுவேயும் ஆர்ஜென்டினாவும். அவங்களுக்கும் இதே சண்டைதான். கடைசில என்ன செஞ்ச? முதல் பாதி ஆர்ஜென்டினாட பந்து, ரெண்டாம் பாதி உருகுவேட பந்து! உலகக் கிண்ணத்துக்கே அது சரியெண்டா எங்களுக்கு என்ன கொறச்சல்?"

கூட்டம் சிரித்தது. நிரோஷன் லொறியிலிருந்து குதித்தான். விருந்தாளிகளின் பந்தே முதலில் உருளட்டும் என்று மடவளைத் தலைவனும் இறங்கி வந்தான்.

"அங்க யாரு வென்ற?" என்று யாரோ கத்தினார்கள்.

ஷப்ராஸ் திறந்த வாயை மூடிக்கொண்டார். அங்கே வென்றது இரண்டாம் பந்துக்காரர்கள். அதைச் சொன்னால் தெல்தோட்டை மறுபடி லொறியேறிவிடும்.

"மெச் முடிய செல்றேன்" என்றார். வாழ்க்கையில் அவர் பாதியில் நிறுத்திய முதல் கதை அதுதான்.

இடைவேளைக்குத் தெல்தோட்டை இரண்டு, மடவளை ஒன்று. முப்பதாம் ஆண்டிலும் இடைவேளையில் முதல் பந்துக்காரர்கள் இதே இரண்டுக்கு ஒன்றில்தான் முன்னால் நின்றார்கள்! ஷப்ராஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொல்லாமல் அடக்குவதற்காக ஒரு போத்தல் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தார்.

இரண்டாம் பாதியில் புதுப் பந்து தெல்தோட்டைக்காரர்களைப் பாடாய்ப் படுத்தியது. உதைத்ததெல்லாம் கம்பத்துக்கு மேலால் பறந்தது. மடவளை சமன் செய்தது. முப்பதாம் ஆண்டின் கதை அப்படியே நடந்து, தன் பேச்சை நம்பி இறங்கியவர்கள் தோற்கப் போகிறார்களே என்று ஷப்ராஸ் மைக்கோடு எழுந்து நின்றார். முடிகிற நேரத்தில் நிரோஷன் உதைப்பதை விட்டுவிட்டு, பந்தை மெல்லத் தட்டினான். அது உருண்டு உள்ளே போனது. தோற்பது தன் ஊர் என்பதையும் மறந்து "கோல்!" என்று ஷப்ராஸ் அலறினார்.

கிண்ணத்தோடு நிரோஷன் நேராக அறிவிப்பாளர் மேசையடிக்கு வந்தான்.

"ஷப்ராஸ் நானா, அந்தக் கதையில மிச்சம் என்னா?"

ஷப்ராஸ் ஹாஜியாரைப் பார்த்தார். தோற்ற கடுப்பில் இருந்த ஹாஜியார் மைக்கை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"செல்லுங்களே. நானும் அதக் கேக்கத்தானே நிக்கிறேன்."

வீட்டு அடுப்படியில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டதும் மஸீனாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கதையின் முடிவு அவளுக்கு மனப்பாடம்.

"அங்க ரெண்டாம் பந்துக்காரங்கதான் வென்ற" என்று ஷப்ராஸ் தொடங்கினார். "ஆனா தெல்தோட்டைல இருந்து ஒரு டீம் வந்திச்சு..."

மஸீனா அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலடிக்கு வந்து நின்றாள்.