ஆற்றில் வந்த சட்டைகள்

மகாவலி ஆற்றில் குளிப்பவர்களையும் யானை தேய்ப்பவர்களையும் படமெடுத்துத் திரிந்தவர், கொன்று வீசப்பட்டவர்களின் பிணங்கள் அதில் மிதந்து வந்த வருடத்தில் அவற்றையும் எடுத்தார். ஒடிசலான, ஓயாமல் இருமுகிற மனிதர். உள்ளங்கையை விரித்து வெளிச்சம் பார்த்த பிறகே எடுப்பார். பிணங்களில் சட்டையை மட்டும்.

“மொகம் ஊறிப் போயிருதுங்க. சட்டைய தொவச்சவங்களுக்குத் தெரியும்” என்றார் என்னிடம்.

தெல்தோட்டையிலிருந்து ஓர் அம்மா மகனைத் தேடி அவருடைய போட்டோக் கடைக்கு வந்தபோது நானும் இருந்தேன். படங்களைப் புரட்டிய கை ஒரு படத்தில் நின்றது.

“இந்தக் கிழிசல நான்தான் தச்சேன். மொகத்த எடுக்கலியா, தம்பி?”

“வெளிச்சம் பத்தலம்மா.”

“தூங்குற மாதிரி இருந்தானா?”

“ஆமாம்மா. அப்படியேதான்.”

படத்தை மடியில் செருகிக்கொண்டு அவள் போனாள். அந்தப் படத்தில் உச்சி வெயில் அடித்தது. அவளுடைய ஒவ்வொரு தையலும் தெரிந்தது.