பச்சைத் திரை மேல் விழுந்த பழிகள்

கணினி டெர்மினல் பழுது பார்ப்பவனுடைய பாதி வேலை, பழுதே இல்லாத பெட்டியைக் கழற்றி மாட்டுவதுதான். ரேடியோவோ மோட்டாரோ, எதைத் திருத்திப் பிழைத்தவராக இருந்தாலும் உங்களுக்கு இது புதிதல்ல. கண்டியில், தோட்டக் கணக்குப் பார்க்கும் ஒரு கம்பனியில் நான் இந்த வேலையைப் பார்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, கழற்றிக் கழற்றிப் படித்தது. என் மனைவி மங்களமும் அங்கேதான் டெர்மினலில் கணக்குத் தட்டினாள். அவளுக்கு வந்த தலைவலிக்கும் அந்தப் பெட்டிதான் காரணம் என்று எல்லாரும் நம்பினோம்.

மூளை இல்லாத பெட்டி

கறுப்புத் திரை, பச்சை எழுத்து, இருபத்து நான்கு வரி. பார்க்கத் தொலைக்காட்சி மாதிரி இருக்கும், சொந்தமாக மூளை கிடையாது. தட்டிய எழுத்து வயர் வழியாகக் குளிரூட்டிய அறையில் இருக்கும் பெரிய இயந்திரத்துக்குப் போகும். அது திருப்பி அனுப்புவதைத் திரை காட்டும், அவ்வளவுதான். பெரிய இயந்திரம் நின்றால் எல்லாத் திரையும் உறைந்துவிடும். அப்போதெல்லாம் கம்பளையிலிருந்து வரும் பெரிய கிளாக்கர் நசீர் நானா தன் பெட்டியின் மண்டையில் ஓங்கி அடிப்பார். குற்றம் அந்த அறையில் இருக்கிறது என்று ஒருநாள் பொறுமையாக விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த ரூமுக்குள்ள என்னய உடுறாங்களா தம்பி? எனக்கு முன்னால இருக்கிறது இதுதான். இதுக்குத்தான் அடிப்பேன்."

சரஸ்வதி பூசை

பூசையன்று எல்லாப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம், விபூதி. அந்தக் கண்ணாடியில் மின்சாரம் தேங்கி நிற்கும், தூசியை இழுக்கும். பறந்த விபூதியெல்லாம் திரையில் அப்பிக்கொண்டது. மங்களம் சேலைத் தலைப்பால் துடைத்தபோது விரலில் சுருக்கென்று அடித்தது. தலை வலிக்கிறது என்று அவள் முதன்முதலில் சொன்னது அன்று பின்னேரம்தான். டெலிபோன் எடுக்கும் புஷ்பம் உடனே காரணம் கண்டுபிடித்தாள்: "சாமிக்குப் பூசினத தொடச்சா தல வலிக்காம என்னாக்கா செய்யும்?"

எறும்பு எழுத்து

ஒரு வரிக்கு எண்பது எழுத்துதான் வழக்கம். மாற்றி அமைத்தால் நூற்று முப்பத்திரண்டும் காட்டும், ஆனால் எழுத்து எறும்பாகிவிடும். கொழும்புத் தலைமை அலுவலகம் அகலமான அறிக்கை கேட்டது. மங்களம் நாள் முழுக்க எறும்பைப் பார்த்தாள், வலி கூடியது. திரை மினுங்குவதால்தான் என்று வெளிச்சத்தைக் குறைத்தேன், பிக்சர் டியூபையே மாற்றினேன். கம்பனி டாக்டரும் திரையைத்தான் சொல்லி, மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

சந்தேகம் வந்தால் இடம் மாற்றிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். பெட்டியோடு பழுதும் போனால் குற்றம் பெட்டியில். போகாவிட்டால் வேறெங்கோ. மங்களத்தின் பெட்டியை நசீர் நானாவுக்கும் அவருடையதை இவளுக்கும் மாற்றி வைத்தேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டு சுகமாக இருந்தார். இவளுக்கு வலி நிற்கவில்லை. அப்படியானால் அவருடைய பெட்டியும் பழுது என்று அதையும் கழற்றினேன். கடைசியில், டெர்மினல் இல்லாத மேசைக்கு அவளை மாற்றச் சொல்லி மெனேஜரிடம் போனேன். அவர் ஏளனமாகக் கேட்டார்: "எல்லாரும் இதே திரையைத்தானே பார்க்கிறாங்க? உங்க மிஸிஸுக்கு மட்டும் எப்படித் தலைவலி வருது?"

கண் டாக்டர்

அந்த அலுவலகத்தில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. கேட்டவருக்குப் பதில் தேவைப்படவில்லை. எனக்கோ கோபத்தில் காது அடைத்திருந்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று மங்களம் சொன்ன பிறகுதான் யாழ்ப்பாணத்துக் கண் டாக்டர் அம்மா ஒருவரிடம் கூட்டிப் போனேன். அவர் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். நான் திரையின் மினுக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்: "திரையை விடுங்கோ. கண்ணில பிழை இல்லை, தலைக்குள்ளதான் ஏதோ இருக்கு. ஏன் இவ்வளவு நாளும் பொறுத்தனீங்கள்?"

புதுத் திரைகள்

தலைக்குள் வளர்ந்திருந்த கட்டி அடுத்த மழைக்காலம் வரைகூட மங்களத்தை விட்டுவைக்கவில்லை. சில காலம் கழித்து, சொந்த மூளையுள்ள கணினிகள் வந்தன. பச்சைத் திரைகளை லொறியில் ஏற்றினோம். புதுத் திரையில் எழுத்து பெரிதாக, ஆடாமல் நின்றது. எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். புஷ்பம் என் பக்கத்தில் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனதாரச் சொன்னாள்: "இது அப்பவே வந்திருந்தா மங்களக்கா இன்னைக்கு இருந்திருப்பாங்க."

ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். பழி போட ஒரு பெட்டி கண்முன் இருக்கும்வரை பழுது பார்ப்பவனுக்கு வேலை குறையாது.