கிளாரினெட்டுக்கு எண்ணெய் போட்ட நாள்

எங்கள் வீட்டில் பெரிய வெள்ளி என்றால் விளக்குமாறுகூட வாயை மூடிக்கொள்ள வேண்டும். ரேடியோ கிடையாது, தேங்காய் துருவக் கூடாது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் அம்மா என்னைத்தான் முறைப்பார். ஒரு வருடம் இந்தச் சட்டம் அப்பாவின் கிளாரினெட்டில் போய் முட்டிக்கொண்டது.

அம்பிட்டியவில் எங்கள் கோயிலின் சிலுவைப்பாதை ஊர்வலத்தில் பாட்டுக்குக் கிளாரினெட் வாசிப்பவர் அப்பா. அந்த வருடம் பேராதனை ஆஸ்பத்திரியில் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்த டாக்டர், இனி ஊதவே கூடாது என்று சொல்லிவிட்டார். பின்னேரங்களில் அப்பா ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, கிளாரினெட்டை வாயில் வைக்காமல் மடியில் நிறுத்தி, விரல்களை மட்டும் ஓட்டுவார். அது பழைய கிளாரினெட். துளைகளை மூடித் திறக்கும் கீகள் எல்லாம் தளர்ந்து, கிழவர் பல் மாதிரி ஆடும். டக், டக், டடக் என்று தட்டும். நான் பக்கத்தில் குந்தியிருந்து, அந்தத் தட்டலைக் கேட்டே எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவேன். சரியாகச் சொன்னால் அப்பா கண்ணைச் சிமிட்டுவார். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு தேவைப்படவில்லை.

பெரிய வெள்ளி நெருங்க நெருங்க அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அன்றைக்குக் கிளாரினெட்டைத் தொடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அந்த நாளில் வீட்டில் சத்தம் கேட்கவும் அம்மாவின் பக்தி விடவில்லை. கடைசியில் கண்டி டவுனில் தையல் மெஷின் திருத்தும் என் மாமாவுக்கு போன் எடுத்தார்.

"தம்பி, பெரிய வெள்ளியில அவர் அதை எடுக்காம இருக்க மாட்டாரு. சத்தம் வராம ஏதாச்சும் செய்ய ஏலுமா?"

மாமா பெரிய வெள்ளிக்கு முதல்நாளே வந்துவிட்டார். சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் வீடியோவைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார். ஆடுகிற மூட்டுகளுக்கெல்லாம் மெஷின் எண்ணெய் விட்டார். போத்தல் தக்கையைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி, கீகளின் அடியில் ஒட்டினார். முன்பெல்லாம் "பாட்டைவிடத் தட்டுற சத்தம்தான் கூட" என்று அப்பாவே அலுத்துக்கொள்வார். அதனால் அவரும் தடுக்கவில்லை. பின்னேரம் மாமா எல்லாக் கீகளையும் அழுத்திக் காட்டினார். பூனை நடந்த மாதிரி இருந்தது. அம்மா மாமாவுக்கு இரண்டாம் தரமும் தேத்தண்ணி ஊற்றினார்.

மறுநாள் மூன்று மணிக்குக் கீழே கோயிலில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டினார்கள். அதுவும் டக், டக்தானே? அது மட்டும் எப்படிப் பாவமில்லை என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. கேட்டால் அம்மா ஏசுவார். பேசாமல் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன்.

அப்பாவின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா, இது என்ன பாட்டு?"

அப்பா விரல்களை நிறுத்தினார்.

"எனக்கும் தெரியல மகள்."

பிறகு கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலுமாரியின் மேல் ஏற்றினார். சனிக்கிழமை அதை இறக்கவில்லை. இவ்வளவு நன்றாகத் திருத்திக் கொடுத்த சாமானை ஏன் மேலே போட்டார் என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

ஈஸ்டர் அன்று மாமா கேக்கோடு வந்தார். "எப்படி அத்தான், சத்தமே இல்லைதானே?"

"ஒரு சத்தமும் இல்ல. நல்லாச் செஞ்சிருக்கீங்க தம்பி" என்றார் அப்பா.

குசினி அடுப்படியில் மாமாவை வழிமறித்த அம்மா, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, அந்தத் தக்கையெல்லாம் கழட்டிப் பழையபடி ஆக்க ஏலுமா?"

"என்னக்கா இது? நீங்கதானே சத்தம் வேணாம்னீங்க?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கேட்டதை அப்படியே செய்து கொடுத்த மனுசனிடம் இப்படி மாற்றிப் பேசலாமா? அம்மாவுக்கு எதைச் செய்தாலும் குறைதான் என்று முடிவு செய்து, மாமாவின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.