ஐம்பத்தெட்டு சதவீதம்

சங்கரன்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் பத்தொன்பது வருடமாக எக்கோ எடுக்கிறேன். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதை இ.எஃப். என்போம். பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் சண்முகையாவின் ரிப்போர்ட்டில் இ.எஃப். 58 என்று போட்டது நான்தான். 58 என்றால் நல்ல இதயம். அவருடையது நல்ல இதயம் இல்லை.

1. பச்சை பட்டன்

அப்போது ஆட்டோ சாஃப்ட்வேர் வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. படம் பிடிக்கும் ப்ரோபை நெஞ்சில் வைத்துப் படத்தை நிறுத்தினால், அதுவே இதயத்தின் உள்சுவரைச் சுற்றிக் கோடு போட்டு எண்ணைச் சொல்லிவிடும். முன்பு கையால் கோடு போட எனக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்கு ஐந்து நொடி.

அன்று ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள். மதியத்துக்கு மேல் பஸ்ஸைச் சுற்றுவழியில் விடுவார்கள் என்று வெளியே பதினோரு பேர் அவசரப்பட்டுக் கொண்டிருந்தார்கள். சண்முகையாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதற்கு முன் இதயம் தாங்குமா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். பீடி குடித்த நெஞ்சு. படம் சரியாக விழவில்லை. இதயத்தின் நுனி தெரியவே இல்லை. ஒரே ஒரு க்ளிப்பில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. துடிக்க வேண்டிய நுனி அதில் அசையாமல் கிடந்தது போல இருந்தது.

சாஃப்ட்வேர் நுனியை விட்டுவிட்டுக் கோடு போட்டு 58 என்றது. கோட்டைச் சரிபார்க்கச் சொல்லி ஓரத்தில் மஞ்சள் குறி வந்தது. நான் பார்க்காமலே, சரி என்று ஏற்கும் பச்சை பட்டனை அமுக்கினேன்.

“சிஸ்டர், ஏதும் கோளாறு இருக்கா?”

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நல்லா இருக்கு.”

திருநெல்வேலியில் இருக்கும் டாக்டர் நான் அனுப்பும் படங்களைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். அந்த மங்கலான க்ளிப்பை நான் அனுப்பவில்லை.

2. கோமதி கேட்ட கேள்வி

ஆபரேஷன் மேஜையிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆபரேஷனை நிறுத்தி ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இ.எஃப். 32. எப்போதோ தெரியாமலே ஓர் அட்டாக் வந்து போயிருக்கிறது என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பிழைத்து வந்தார்.

அவர் மனைவி கோமதி இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னிய. அங்கன ஹார்ட்டு ரொம்ப வீக்குன்னு சொல்லுதாவ. எது தாயி நெசம்?”

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்னை நம்பித்தான் கேட்டார்.

“மெஷின் தப்பாக் காட்டிட்டு அக்கா” என்றேன்.

எங்கள் சென்டரிலிருந்து புகார் போனதும் மெஷின் கம்பெனி இன்ஜினியர் வந்து பதிவைத் திறந்து பார்த்தார். “மேடம், செக் பண்ணுங்கன்னு மெஷின் கேட்டிருக்கு. நாலு செகண்டுல நீங்க அக்செப்ட் குடுத்திருக்கீங்க” என்றார், குரலைத் தாழ்த்தி.

அன்றே டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்: “நுனி தெரியாத படத்துக்கு நானும்லா கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தக் குடும்பத்துக்கிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?”

“நானே சொல்லுதேன் சார்.”

சொல்லவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

3. சொன்னது

மூன்றாம் மாதம் சண்முகையா மறு எக்கோவுக்கு வந்தார். இப்போது மூட்டை தூக்குவதில்லை. இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ப்ரோபை வைக்குமுன் சொல்லிவிட்டேன்.

“அண்ணாச்சி, அன்னைக்கு மெஷின் தப்பு இல்ல. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அவசரத்துல விட்டுட்டேன். அக்காகிட்ட சொன்னது பொய்.”

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “என்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவளுக்குச் சுகரு. கண்ணு மங்கிக்கிட்டே வருது. கண்ணைப் படம் எடுக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. மெஷின் பொய் சொல்லும்னு சொல்லி வரமாட்டேங்கா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரான கரிவலம்வந்தநல்லூருக்குப் பஸ் ஏறினேன். நான் சொன்னதைக் கோமதி வாசலில் நின்றே கேட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை.

“அப்போ மெஷின் ஒண்ணும் செய்யல?”

“இல்லக்கா. நான்தான்.”

கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வாரம் கண் படம் எடுக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு: நுனி தெரியாத படத்துக்கு எண் போடாதீர்கள், ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அது அவமானம் இல்லை. தவறிவிட்டால், முதலில் வந்து கேட்கிறவரிடமே உண்மையைச் சொல்லிவிடுங்கள். எனக்கு அதற்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் கோமதியின் கண் மங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.