கொப்பரை ஆறிய மத்தியானம்

என் நண்பன் கடை பியரை வாயில் வைக்க மாட்டான். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கிளென் வேவர்லியில் அவன் வீட்டுப் பின்பக்கச் சலவை அறையில், உடுப்பு அவிக்கும் பழைய செப்புக் கொப்பரையில் தானே காய்ச்சுவான். வீட்டில் பியர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுத்துச் சில வருடங்களே ஆகியிருந்த எழுபதுகள் அவை. சனிக்கிழமைகளில் நான்தான் அவனுக்குக் கையாள்.

காய்ச்சுவது பெரிய காரியமில்லை. ஆற வைப்பதில்தான் உயிர் போகும். கொப்பரை நிறையக் கொதிக்கும் மால்ட் சாறு, அதாவது முளைவிட்ட பார்லியின் சாறு, தானாக ஆற ஓர் இரவு வேண்டும்; அதற்குள் கெட்டுப் புளித்துவிடும். "எங்களுக்கு இந்த நாட்டுக்குள்ளை வர எத்தினை பேப்பர் கேட்டவங்கள். காத்திலை வாற கிருமிக்கு ஒண்டும் தேவையில்லை, சூடு தணிஞ்ச உடனை குடியேறிவிடும்" என்பான். அதனால் கொப்பரைக்குள் ஒரு செப்புக் குழாய்ச் சுருளை இறக்கி, அதற்குள் தண்ணீரை ஓடவிடுவான். கோடையில் பைப்பில் வரும் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே அதை முதலில் பக்கத்துச் சீமெந்துத் தொட்டியில், ஐஸுக்குள் கிடக்கும் இன்னொரு சுருள் வழியாக விடுவான். இரண்டு சுருளையும் இணைக்கும் ரப்பர் குழாய்தான் வில்லங்கம் பிடித்தது. அதன் பொருத்து இளகி ஒழுகும். ஒழுகினால் பச்சைத் தண்ணீர் நேரே சாற்றுக்குள். ஆகையால் அவன் அந்தப் பொருத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பான்; நான் சாற்றைத் துழாவுவேன். ஒரு கிளிப் வாங்கடா என்றால் "வாற கிழமை" என்பான். சரியான சோம்பேறி.

அந்த வாற கிழமை வரவில்லை. மாசி மாதத்து வெயிலில் ஒரு காலை வேலைக்குப் புறப்பட்டவன், ரயில் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனான்.

இறந்தவருக்கு விருப்பமானதைப் படைப்பது எங்கள் வழக்கம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அவன் படத்துக்கு முன்னால், மீனுக்கும் இறைச்சிக்கும் பக்கத்தில், யாரோ ஒரு கடை பியர்ப் போத்தலை வைத்தார்கள். அவன் மனைவி அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணை, முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்ச அடுத்த நாள் இன்னொருக்காப் படைக்க வேணும். அவர் செய்யிற பியரை நீங்கள் செய்து தருவீங்களோ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாசம் ஆகாமல் சலவை அறைக் கதவையே சாத்தி வைப்பவர் அவர். தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்தார்.

"அண்டைக்குக் காலமையும் அதாலைதான் சண்டை. இந்தச் சனியனை வீட்டை விட்டு எடுங்கோ எண்டு கத்தினனான். வந்து எடுக்கிறன் எண்டிட்டுப் போனவர்."

ஓம் என்று தலையாட்டினேன். சாவுத் துடக்குள்ள வீட்டில் செய்ததைப் படைக்கலாமா என்று கேட்க அந்த ஊரில் ஆளில்லை. இருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலையே அடுப்பை மூட்டினேன். இது புளித்துப்போனால் இன்னொன்று செய்து பதமாக்க நாள் போதாது. மத்தியானம் வெயில் தகரக் கூரையில் இறங்கியபோது சாறு கொதித்து முடிந்திருந்தது. பொருத்தைத் துணியால் இறுகக் கட்டிவிட்டுப் பைப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் துணி வழுக்கியது. ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் துழாவினேன். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, சாறு ஆறுகிற பாடாக இல்லை.

"கிளிப் வாங்காத கழுதை!" என்று செத்தவனை வாய்விட்டே திட்டினேன். அவ்வளவு கோபம். கோபம் கிளிப்புக்காக இல்லை.

கதவு திறந்தது. அவன் மனைவி நின்றார்.

"எதைப் பிடிக்க வேணும் அண்ணை?"

"தங்கச்சி, கை விறைச்சுப் போகும்."

"விறைக்கட்டும்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் நிற்கும் அதே மூலையில் நின்று, பொருத்தை இரண்டு கையாலும் பிடித்தார். ஒழுக்கு நின்றது. நான் துழாவினேன். சுருளிலிருந்து வெளியேறிய தண்ணீர் முதலில் ஆவி பறக்கப் போனது, பிறகு வெதுவெதுப்பானது.

"இவர் இதிலை நிண்டு என்ன கதைக்கிறவர்?" என்று கேட்டார்.

உன்னைப் பற்றித்தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் பொய் வரவில்லை.

"கை விறைக்குது, கை விறைக்குது எண்டுதான் கத்துவான்."

அவர் சிரித்தார். சிரித்தபடியே அழத் தொடங்கினார். பொருத்தை விட முடியாததால் கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணீர் கன்னத்தால் வழிய அப்படியே நின்றார். நானும் அழுதேன். துழாவுவதை மட்டும் நிறுத்தவில்லை. கொப்பரையின் வயிறு தொடக் குளிர்ந்த பிறகுதான் அவரைக் கையை எடுக்கச் சொன்னேன். விரல்கள் சிவந்து மடங்காமல் இருந்தன.

நொதிக்க வைத்துப் போத்தலில் அடைத்திருந்ததைப் படையலன்று திறந்தேன். மூடி சத்தத்தோடு கழன்று, நுரை எழும்பியது. முகர்ந்து பார்த்தேன். புளிப்பில்லை. அவர் அதைக் கிளாஸில் வார்த்து, படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நெடுநேரம் கும்பிட்டார்.

எல்லாரும் போன பிறகு சலவை அறைக்குப் போய், கொப்பரையைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன். அன்று காலை அவர் அவனிடம் கேட்டது அதுதானே, அவனால் முடியாததை நான் செய்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தம் கேட்டு அவர் வந்தார்.

"விடுங்கோ அண்ணை. வந்து எடுக்கிறன் எண்டெல்லோ சொன்னவர். அவரே வந்து எடுக்கட்டும்."